பழுப்புக் கிண்ணம்

இவனுக்கு ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அக்கா. காலையிலிருந்து நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான், உங்கள் பெண்ணுக்கு டாட்டா காட்டுகிறான், நர்ஸம்மாவின் பேனாவைப் பிடுங்குகிறான். இப்படி இருக்கிற பிள்ளையை எதற்கு இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் பெண்ணுக்குக் காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்த்தால் தெரிகிறது. அந்தக் கடைசிக் கட்டில் குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது. கேட்டாலே தெரிகிறது. என் மகனிடம் பார்க்கவும் ஒன்றுமில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை. உதட்டோரம் கறுப்பாக இருக்கிறதே, அது நோய் இல்லை. கரி. நேற்று மூக்கில் குழாய் விட்டுக் கரியைக் கரைத்து ஊற்றினார்கள். பாதியைக் கக்கிவிட்டான். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

வேண்டாம் அக்கா, பிஸ்கட் வேண்டாம். கொடுக்கக் கூடாதென்று இல்லை. கொடுக்கலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். எனக்குத்தான் அவன் வாயில் எதை வைக்கவும் பயமாக இருக்கிறது.

காளான் சாப்பிட்டுவிட்டான்.

நீங்கள் நினைக்கிற காளான் இல்லை. குடை மாதிரி முளைக்குமே, கடையில் பாக்கெட்டில் விற்கிறார்களே, அது இல்லை. இதற்குக் குடையும் கிடையாது, காம்பும் கிடையாது. சின்னக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். தொட்டால் மெழுகு மாதிரி, கொஞ்சம் அழுத்தினால் உடைந்துவிடும். சோலைக்காட்டில் மழைக்குப் பிறகு மக்கிய கட்டை மேல் வரும். சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு என்று. கிண்ணக் காளான் என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் கிளமென்ட். கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். அவருக்கு இதுதான் வேலை, இதுதான் விளையாட்டு, இதுதான் வேதம் என்று சொன்னால் பாவம், ஆனால் அப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குக் காளான் பிடிக்குமா?" என்று கேட்டார். நான், "மிளகு தூக்கலாப் போட்டு வறுத்தா பிடிக்கும்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சித்தி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

நான் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள், அக்கா. அங்கே அலமாரியைத் திறந்தால் கைக்குட்டைகூட நாலாக மடித்திருக்க வேண்டும். மதர் வந்து பார்ப்பார். பல் தேய்க்கிற பிரஷ் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்றுகூடப் பார்ப்பார். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் எங்கே விட்டார்கள்? ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் பாக்கெட்டுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் காளான் டப்பா. முட்டை வைக்கிற குழியில் முட்டை இல்லை, பஞ்சில் சுற்றின ஏதோ ஒன்று. நான் பச்சை டேப் ஒட்டிக் கோடு போட்டேன். "மேல்தட்டு மனுஷங்களுக்கு, கீழ்த்தட்டு உங்க சொந்தக்காரங்களுக்கு." சரி என்றார். ஒரு வாரம் சரியாக இருந்தது. மழை வலுத்ததும் சொந்தக்காரர்கள் மாடி ஏறிவிட்டார்கள்.

நான் அவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். இந்த ஒன்றுதான்.

எதற்கு இது என்று கேட்டால், மருந்து என்பார். உண்மையாகவே மருந்துதான் தேடுகிறார், அக்கா. காளானை லேப் ஆல்கஹாலில் ஊறப் போட்டுச் சாறு எடுப்பார். காகிதத்தைச் சின்னப் பொட்டாக வெட்டி, அந்தச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, சீழ்க் கிருமி வளர்கிற தட்டில் வைப்பார். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி பாலாடை மாதிரி படர்ந்திருக்கும். பொட்டைச் சுற்றி மட்டும் கிருமி வராமல் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருந்தால், அந்தக் காளானிடம் ஏதோ சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வட்டமே விழாது. சாறு தொடாத வெறும் பொட்டு வைத்தாலும் விழாது, விழக் கூடாது. அதையும் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பார். எல்லாம் எனக்கு அத்துப்படி. என்னிடம்தானே சொல்லுவார், வேறு யார் கேட்பார்கள்?

போன மழைக்காலத்தில் ஒரு பழுப்புக் கிண்ணம் வட்டம் போட்டது. கல்லூரியிலிருந்து ஓடி வந்தார். போனைத் திறந்து காட்டினார்.

"ஜெனி, இதப் பாரேன். நிலாவைச் சுத்திக் கோட்டை கட்டுமே, அது மாதிரி."

அப்படித்தான் இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மருமகன் மருந்து கண்டுபிடித்திருக்கிறார் என்று அவர் பங்குச் சாமியாரிடம் சொல்லி, சாமியார் பூசையில் சொல்லி, ஊரில் ஒருத்தர் மூட்டு வலிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

அனுப்புவதற்கு எங்கே இருக்கிறது? ஒரு கை நிறையக் கிண்ணங்களை ஊறப் போட்டால் ஒரு ஸ்பூன் சாறு வரும். சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. திரும்பவும் அதே காளான் வேண்டும், மறுபடியும் மழை வர வேண்டும். வருஷம் முழுக்க மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வயலை நம்பியிருக்கிற வீட்டில்கூட நான் இப்படி மழைக்குத் தவம் கிடந்து பார்த்ததில்லை.

இந்த வருஷம் மழை வந்தது. பழுப்புக் கிண்ணங்களும் வந்தன. எத்தனை என்கிறீர்கள்! அங்கேதான் சங்கடம். பழுப்பில் மட்டும் எத்தனையோ வகையாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். மைக்ரோஸ்கோப்பில் வைத்து அதன் ஸ்போரைப் பார்த்தால்தான் எது எது என்று சொல்ல முடியுமாம். ஸ்போர் என்றால் காளானின் விதை என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரியாத விதை. ஒவ்வொரு தடவையும் அதே பதில்: "ஸ்போர் பாத்தாத்தான் சொல்ல முடியும்." வீட்டில் இது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. கத்தரிக்காய் நறுக்கிக் கொடுக்கச் சொன்னால், நானே கேட்பேன், "என்னங்க, சொத்தையா நல்லதா? ஸ்போர் பாக்கணுமா?" என்று. சிரிப்பார்.

முந்தாநாள் சனிக்கிழமை சோலையிலிருந்து வந்தவர் வாசலிலேயே சத்தம் போட்டார். "ஜெனி, அதே ஆளு! அதே ஆளேதான்!" டிபன் பாக்ஸ் மூடியில் பாசியைப் பரப்பி, அதன் மேல் இரண்டு பழுப்புக் கிண்ணம். போன வருஷம் பார்த்த அதே கட்டைக்குப் பக்கத்திலாம். அதே நிறம், அதே விளிம்பு. ஸ்போர் பார்த்தீர்களா என்று நான் கேட்டேனா? கேட்டேன். "திங்கக்கிழமை காலேஜ் திறந்ததும் பாத்துடுவேன். ஆனா அதே ஆளுதான்" என்றார். அவரும் மனுஷர்தானே. ஒரு வருஷம் காத்திருந்தவர்.

இதில் இன்னொரு வித்தை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். இந்தக் கிண்ணம் நன்றாக முற்றியிருந்தால், அதன் மேல் மெல்ல ஊத வேண்டும். ஊதிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், கிண்ணத்துக்குள்ளிருந்து தானாகப் புகை வரும். புகை இல்லை, விதைதான். எல்லா விதையையும் ஒரே நேரத்தில் எறிகிறதாம். சாம்பிராணி போட்ட மாதிரி லேசாக எழும்பும். காதைக் கிட்டே வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும் என்பார். எனக்குக் கேட்டதில்லை. ரூபனுக்கு, என் மகன் பெயர் ரூபன், இது என்றால் உயிர். அப்பா தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ரூபு, ஊ சொல்லு" என்பார். இவன் கன்னத்தை உப்பிக்கொண்டு 'ஊ' என்று ஊதுவான். புகை வந்ததும் கையைத் தட்டுவான். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு விளையாட எத்தனையோ இருக்கிறது. பந்து இருக்கிறது. வீட்டில் நான் வாங்கி வைத்த கட்டைகள் இருக்கின்றன, ஏபிசிடி எழுதினது. இதைப் பழக்கிவிட்டது யார்? அவர்தானே? டாக்டரம்மா முன்னாலேயே இதை நான் சொன்னேன்.

ஏனென்றால் அக்கா, என் பிள்ளை கண்டதை வாயில் போடுகிற பிள்ளை இல்லை. நான் அப்படி வளர்க்கவில்லை. பக்கத்து வீட்டில் இவன் வயதுக் குழந்தை செருப்பைச் சப்பிக்கொண்டிருக்கும். இவன் தொட மாட்டான். சாப்பாட்டு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. தட்டில் வைத்ததும் கையை விடக் கூடாது. சூடு இருக்கும், முதலில் ஊத வேண்டும். 'ஊ' என்று நான் சொன்னால் 'ஊ' என்று ஊதுவான். அப்புறம்தான் 'ஆ'. மூன்று வேளையும் இதே பாடம். இப்போது நான் சொல்லவே வேண்டாம், ஆறின இட்லியைக்கூட ஊதிவிட்டுத்தான் வாய் திறப்பான். வாழைப்பழத்தை ஊதுவான். எங்கள் ஹாஸ்டல் மதர் பார்த்திருந்தால் ஒரு மாதா படம் கொடுத்திருப்பார், பரிசாக. அவ்வளவு ஒழுக்கமாகச் சாப்பிடுகிற பிள்ளை.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தோம். நான் சமையலறையில் இருந்தேன். இவர் ஜன்னலோரம் முக்காலியில் அந்த மூடியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம். போன் வந்தது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது, கேட் வரை போக வேண்டும். போய்விட்டார். முக்காலி எவ்வளவு உயரம்? இவன் நெஞ்சு வரைக்கும் வரும். எனக்குச் சத்தம் கேட்டது, அக்கா. 'ஊ' என்று ஊதினான். இரண்டு தடவை. அப்பாவும் மகனும் விளையாடுகிறார்கள் என்று நான் பாட்டுக்கு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

வந்து பார்த்தால் ஒரு கிண்ணம் இல்லை. இன்னொன்று பாதிதான் இருக்கிறது. இவன் மென்றுகொண்டிருக்கிறான்.

இதுதான் எனக்கு விளங்கவில்லை. ஊதினானே, அதோடு நிறுத்த வேண்டியதுதானே? எதற்கு வாயில் வைத்தான்? அத்தனை நாள் விளையாடினபோது வாயில் வைத்ததில்லையே? இங்கே வந்ததும் டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டார். "வாசனை அடிக்குமா சார், இனிப்பா இருக்குமா? ஏன் சாப்பிட்டான்?" இவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானும், என்ன சொல்லப் போகிறார் பார்க்கலாம் என்று பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான் டாக்டர். நான்தான் அப்படி வச்சிட்டுப் போனேன்" என்றார். அந்த மட்டும் ஒப்புக்கொண்டாரே என்று இருந்தது எனக்கு.

ஆனால் நேற்று வீட்டில் அவர் செய்ததைக் கேளுங்கள். நான் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன். இவர் அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார், ஒன்றும் வரவில்லை. உடனே போய், அந்தப் பாதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கிறார்! கடித்த இடத்தில் இவன் பல் அடையாளம் வரிசையாகத் தெரிகிறது, குட்டிக் குட்டிப் பல். அதற்குப் பக்கத்தில் ஸ்கேல்.

"உங்க பிள்ளைக்கா ஸ்கேல் வைக்கிறீங்க?" என்று கேட்டேன். என்ன வார்த்தை எல்லாம் வந்ததோ, கான்வென்டில் படித்தவள் பேசுகிற வார்த்தை இல்லை.

"எவ்வளவு சாப்பிட்டான்னு கேப்பாங்க ஜெனி." அவ்வளவுதான் சொன்னார்.

கேட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மலையில் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள், இங்கே வைத்துக்கொள்ள முடியாது, உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார்கள். டாக்ஸி பிடித்தோம். எங்கள் மலைப்பாதை உங்களுக்குத் தெரியுமா? வளைவுக்கு வளைவு. இவன் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட வாந்தி எடுக்காமல் வத்தலக்குண்டு வந்து சேர்ந்ததில்லை. எலுமிச்சம்பழம், மாத்திரை, ஈரத் துண்டு, என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன், நிற்காது. இந்தத் தடவை வாந்தி எடுக்க வேண்டும் என்று ஜெபமாலை உருட்டினேன். எடு கண்ணா, எடுத்துவிடு என்று முதுகைத் தட்டினேன். டிரைவரிடம், வளைவில் மெதுவாகப் போகாதீர்கள் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சொட்டு எடுக்கவில்லை, அக்கா. என் தோளில் சாய்ந்து சுகமாகத் தூங்கினான். அப்படி ஒரு தூக்கம் அந்தப் பாதையில் அவன் தூங்கினதே இல்லை.

இங்கே அந்தச் சின்ன டாக்டரம்மாதான் முதலில் பார்த்தார். என்னைவிடச் சின்னவராக இருப்பார். "என்ன காளான்?" என்றார். இவர் பெயர் சொன்னார், கிண்ணக் காளான் வகை என்று. "விஷமா, விஷமில்லையா?"

இவர் சொன்னார், "ஸ்போர் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

நான் சிரித்துவிட்டேன், அக்கா. கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு சிரிக்கிறேன். நிறுத்த முடியவில்லை. நர்ஸம்மா வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

அப்புறம் டாக்டரம்மா எனக்குப் புரியவைத்தார். விஷக் காளான்களில் பாதி, சாப்பிட்டதும் வயிற்றைப் புரட்டும், வாந்தி பேதி ஆகும், அதோடு போய்விடும். அது பரவாயில்லை. "சிலது முதல் நாள் ஒண்ணுமே காட்டாது மேடம். பிள்ளை நல்லா விளையாடும், சாப்பிடும். உள்ள கல்லீரல்ல வேலை நடந்துக்கிட்டு இருக்கும்." நான் இங்கிலீஷில் திருப்பிக் கேட்டேன். இங்கிலீஷில் கேட்டால் வேறு ஏதாவது, நல்லதாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன் போல. இங்கிலீஷிலும் அதையேதான் சொன்னார்.

அதனால்தான் இவன் சிரித்தால் என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் 'தங்கம், எப்படிச் சிரிக்குது பாரு' என்றீர்களே காலையில், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, கோபம் இல்லை. அழுதால் தேவலை என்று ஒரு தாய் நினைப்பாளா? நான் நினைக்கிறேன். புனித அந்தோணியாரிடம் வேண்டிக்கொள் என்று அம்மா போனில் சொன்னாள். அவர் தொலைந்துபோனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். இங்கே எதுவும் தொலைந்துபோகவில்லை. பெயர் தெரியாமல் இருக்கிறது. அதற்கு எந்தப் புனிதர் என்று கான்வென்டில் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இவர் எங்கே என்றுதானே பார்க்கிறீர்கள்? அந்தப் பாதிக் கிண்ணத்தை ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் இவருடைய சிநேகிதர் ஸ்டீபன் வேலை பார்க்கிறார். விடிந்ததும் அங்கே போயிருக்கிறார், மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க. வெளியூரில் இருக்கிற பெரிய ஆட்களுக்கெல்லாம் படம் அனுப்பப் போகிறேன் என்றார். அவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது, காளான்காரர்கள் குழு. என்னையும் அதில் சேர்த்துவைத்திருக்கிறார், கல்யாணமான புதிதில். பாருங்கள், காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அவசரத்தில் பிள்ளை சாப்பிட்டதை எழுத மறந்துவிட்டார் போல, வெறும் படத்தை மட்டும் போட்டு 'இது என்ன' என்று கேட்டிருக்கிறார். ஒருத்தர் கை தட்டுகிற பொம்மை போட்டிருக்கிறார். ஒருத்தர் 'என்ன அழகான விளிம்பு' என்று எழுதியிருக்கிறார். அது விளிம்பு இல்லை. என் மகன் பல்.

இருங்கள், அக்கா. வந்துவிட்டார். அதோ, வாசலிலேயே நிற்கிறார். உள்ளே வராமல் என்னைக் கூப்பிடுகிறார். இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

*

அழுதானா? இல்லையா. சரி.

சொல்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

வராந்தாவில் அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். சட்டையெல்லாம் ஏதோ நீலமும் பழுப்புமாகக் கறை. அயோடின். அதைப் போட்டால் சில வகைக்கு விதைப் பையின் நுனி நீலமாக மாறுமாம், அதை வைத்துக் குடும்பம் கண்டுபிடிப்பார்கள். நான் நேராகக் கேட்டேன்.

"அதே ஆளுதானே? போன வருஷத்து ஆளுதானே?"

"இல்ல ஜெனி."

"அப்ப யாரு?"

போன வருஷத்துக் காளானின் விதை வழவழவென்று இருந்ததாம். இதன் விதையில் வலை பின்னின மாதிரிக் கோடுகள் இருக்கிறதாம். நுனி நீலமாக மாறியது. அதனால் குடும்பம் தெரிகிறது, அந்தக் குடும்பத்தில் உயிரை எடுக்கிற ஆள் என்று இதுவரை எழுதப்பட்டது இல்லையாம். நான் அவர் கையைப் பிடித்தேன். அப்பாடா என்று பிடித்தேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"முழுசாக் கேளு. இந்த மாதிரிக் கோடு எந்தப் புத்தகத்திலயும் இல்ல. நானும் ஸ்டீபனும் எல்லாத்தையும் புரட்டிட்டோம். மூணு பேருகிட்டப் பேசிட்டேன், அவங்களும் பாத்ததில்லங்கறாங்க. இது புதுசு, ஜெனி."

புதுசு. இந்த வார்த்தைக்காக அந்த மனுஷர் எத்தனை வருஷம் அட்டையோடு அட்டையாகக் காட்டில் ஊர்ந்திருக்கிறார் தெரியுமா? யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட வேண்டும், அதற்கு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும் என்று. தூக்கத்தில் இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"புதுசுன்னா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"தட்டுல வச்சுப் பாக்கலாம்ல? வட்டம் விழுதான்னு?"

"அது கிருமியைக் கொல்லுமான்னு சொல்லும். பிள்ளைய என்ன செய்யும்னு சொல்லாது. இதை இதுவரைக்கும் யாரும் சாப்பிட்டதில்ல, ஜெனி. யாராவது சாப்பிட்டிருந்தாத்தானே எழுதி வைப்பாங்க?"

உலகத்திலேயே முதல் ஆள் என் மகன். அதைச் சொல்லவில்லை அவர். நான்தான் சொன்னேன், வராந்தாவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பழம் விற்கிற அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

டாக்டரம்மா வந்தார். இவர் அவரிடமும் இதையே சொன்னார். அவர் ஏதாவது புதிய மருந்து எழுதுவார், வேறு ஊசி போடுவார் என்று நான் நின்றேன். அவர் கேட்டுவிட்டு, கேஸ் ஷீட்டில் இரண்டு வார்த்தை எழுதினார். 'பெயர் தெரியாத காளான்' என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை, அப்படியேதான் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு அதேதான். இரத்தம் எடுத்ததற்கு ரிப்போர்ட் சாயங்காலம் வரும், நாளைக்கு மறுபடி எடுக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று இவர் கேட்டார். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர், பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"பாத்துக்கிட்டே இருங்க சார். சோர்ந்து படுத்தா சொல்லுங்க. முக்கியமா கண்ணு. வெள்ளைப் பகுதியில மஞ்சள் தட்டுதான்னு பாருங்க. பகல் வெளிச்சத்துல பாருங்க, டியூப் லைட்ல தெரியாது. கொஞ்சம் தட்டினாலும் உடனே கூப்பிடணும்."

இவர் திரும்பவும் சிநேகிதரிடம் போவதாகச் சொன்னார், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று. நான் விடவில்லை. போதும், பார்த்த ஸ்போர் போதும், இப்போது இவன் கண்ணைப் பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் பார்த்தீர்களே, இப்போது ஜன்னல் கிட்டே தூக்கிக்கொண்டு போனோம். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. மறுபடி பார்த்தேன். அவ்வளவு வெள்ளையாக இல்லையோ என்று இருந்தது. இவரிடம் கேட்டேன். காட்டில் ஒரு பழுப்புக்கும் இன்னொரு பழுப்புக்கும் நடுவில் ஏழு பழுப்பு சொல்கிற கண் அவருக்கு. இந்தப் பழுப்பு காய்ந்த பழுப்பு, இது நனைந்த பழுப்பு என்று எனக்குப் பாடம் எடுத்தவர். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"தெரியல ஜெனி. செவுரு பெயின்ட் மஞ்சளா இருக்கு. அது அடிக்குதான்னு தெரியல."

சுவரைப் பாருங்கள், மஞ்சள்தான். திரைச்சீலையை இழுத்துவிட்டோம். அதுவும் ஒரு மாதிரி சந்தன நிறம். என் சேலைத் தலைப்பை நகர்த்தச் சொன்னார், அதுவும் மஞ்சள் பூப் போட்டது. நேற்று அவசரத்தில் எதைக் கட்டினேன் என்றே தெரியாது. இப்போது பார்க்கப் பார்க்க எல்லாம் மஞ்சளாகத்தான் தெரிகிறது. தலையணை மஞ்சள், இவர் முகம் மஞ்சள், என் நகம் மஞ்சள். இரண்டு பேருமே பார்த்துப் பார்த்துக் கெடுத்துவிட்டோம்.

நீங்கள் ஒரு நிமிடம் இங்கே வர முடியுமா, அக்கா? உங்கள் பெண்ணை இவர் பார்த்துக்கொள்வார். பேச மாட்டார், ஆனால் நன்றாகப் பார்த்துக்கொள்வார். என்னங்க, அந்தப் பாப்பா பக்கத்துல போய் உக்காருங்க. எடையைத் தொடாதீங்க.

இந்தப் பக்கம் நில்லுங்கள், நிழல் விழாமல். நான் தலையைப் பிடித்துக்கொள்கிறேன். ரூபு, ஆடாத. பெரியம்மா பாக்கட்டும். மேலே பாரு, அதோ ஃபேன் பாரு.

இங்கே, மூக்குப் பக்கத்து ஓரத்தில் பாருங்கள். இப்போது அந்த ஓரத்தில். நடுவில் இல்லை, ஓரத்தில்தான் முதலில் வருமாம்.

என்ன தெரிகிறது?

எனக்காகச் சொல்ல வேண்டாம், அக்கா. இருக்கிறதைச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.